எக்செல்லில் பார்கோடு: எழுத்துரு வரையும், கணக்குப் போடாது

கோவையில் பம்ப்செட் உதிரிபாகம் விற்கும் ஒரு கடைக்கு நான் சரக்குக் கணக்கு பார்க்கிறேன். இம்பெல்லர், மெக்கானிக்கல் சீல், பேரிங், கெப்பாசிட்டர் என்று ரேக் முழுக்க ஒரே மாதிரி அட்டைப் பெட்டிகள். பார்கோடு ஒட்டிவிடலாம் என்று சொன்னதும் முதலாளி கேட்டது, "சாஃப்ட்வேருக்கு எவ்வளவு ஆகுங்க?" ஒன்றும் ஆகாது, இருக்கிற எக்செல்லே போதும் என்றேன். ஸ்கேனருக்கும் ஸ்டிக்கர் தாளுக்கும் மட்டும்தான் செலவு.

பார்கோடு எழுத்துருவில் மாயம் எதுவும் இல்லை. 7 என்று தட்டினால் 7-இன் வடிவத்துக்குப் பதிலாகச் சில கறுப்புப் பட்டைகளைக் காட்டும். எண் சரியா, முழுமையா என்று அது பார்க்காது. கூகுள் ஃபான்ட்ஸில் 'லிப்ரே பார்கோடு' என்ற பெயரில் இலவசமாகவே கிடைக்கிறது. கூகுள் ஷீட்ஸில் வேலை செய்பவர்கள் தரவிறக்கக்கூட வேண்டாம். எழுத்துருப் பட்டியலில் தேடிச் சேர்த்துக்கொண்டால் போதும்.

கடைக்குள் புழங்கும் எண்களுக்கு நான் பரிந்துரைப்பது கோட்-39. 1974-இல் இன்டர்மெக் நிறுவனத்தில் டேவிட் அலாய்ஸும் ரே ஸ்டீவன்ஸும் உருவாக்கிய முறை இது. ஓர் எழுத்துக்கு ஐந்து பட்டை, நான்கு இடைவெளி; இந்த ஒன்பதில் மூன்று மட்டும் அகலமானவை. சோதனை எண் கட்டாயமில்லை, அதனால் கணக்கு எதுவும் போடத் தேவையில்லை. முன்னும் பின்னும் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் போதும். ஏ2 செல்லில் எண் இருக்கிறதென்றால் பி2-வில் ="*"&ஏ2&"*" என்று எழுதி (எக்செல்லில் ஆங்கில எழுத்தாகத் தட்டுங்கள்), அந்த நெடுவரிசைக்கு மட்டும் எழுத்துருவை மாற்றுங்கள். நட்சத்திரம் விட்டுப்போனாலும் பார்வைக்கு அது பார்கோடு மாதிரியேதான் இருக்கும். ஸ்கேனர்தான் வாயைத் திறக்காது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள், இலக்கங்கள், ஹைஃபன் போன்ற சில குறிகள் ஆக மொத்தம் 43 எழுத்துகளோடு கோட்-39 முடிந்துவிடும். சின்ன எழுத்துக்கு அதில் இடமில்லை.

உண்மையான தலைவலி எழுத்துருவால் வருவதில்லை, எக்செல்லால் வருகிறது. 004512 என்று தட்டினால் முன்னால் உள்ள இரண்டு சுழியங்களையும் அது விழுங்கிவிடும். 15 இலக்கங்களுக்கு மேல் போனால் மிச்சத்தைச் சுழியமாக்கிவிடும். இலக்கங்களுக்கு நடுவே ஆங்கில 'ஈ' எழுத்து வந்தால் அறிவியல் குறியீடு என்று நினைத்துப் பெருக்கிவைக்கும். மாதப் பெயரின் சுருக்கம் போலத் தெரிந்தால் தேதியாக்கிவிடும். இந்தத் தேதித் தொல்லை தாங்காமல்தான் 2020-இல் மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயரையே மாற்ற வேண்டி வந்தது. நம் பேரிங் எண் எம்மாத்திரம்! எனவே எண்களை உள்ளிடும் முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' ஆக்கிவிடுங்கள்.

ஸ்கேனர் திருப்பித் தரும் இடத்திலும் இதே சிக்கல் உண்டு. கணினியைப் பொறுத்தவரை ஸ்கேனர் ஒரு விசைப்பலகை. நட்சத்திரங்களை விட்டுவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் தட்டி, கடைசியில் என்டர் போடும். ஆகவே வீலுக்கப் ஃபார்முலா தேட வேண்டியது ஏ நெடுவரிசையில், நட்சத்திரம் போட்ட பி-யில் அல்ல. ஸ்கேன் விழும் செல் சாதாரண வடிவத்தில் இருந்தால் 4512 எண்ணாக விழும். பட்டியலில் உள்ளதோ டெக்ஸ்ட். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, எக்செல்லுக்கு வேறு வேறு. பட்டியலில் இருக்கிற பொருளையே இல்லை என்று சாதிக்கும். ஸ்கேன் விழும் இடத்தையும் டெக்ஸ்ட் ஆக்குங்கள். இல்லையென்றால் எல்லா எண்களையும் ஓர் ஆங்கில எழுத்தில் தொடங்குங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி.

அடுத்தது இடப் பிரச்சினை. ஏ4 அளவில் 65 ஸ்டிக்கர் வரும் தாளில் ஒவ்வொன்றும் சுமார் 38 மில்லிமீட்டர் அகலம். மெல்லிய பட்டை கால் மில்லிமீட்டர் என்று வையுங்கள். இரு பக்கமும் அதைப்போல் பத்து மடங்கு வெள்ளை விட வேண்டும், அதில் 5 மில்லிமீட்டர் போய்விடும். மீதி 33. அகலப் பட்டை மெல்லியதைப்போல் மூன்று மடங்கு என்றால் ஓர் எழுத்துக்கு 4 மில்லிமீட்டர். அதாவது எட்டு எழுத்து, நட்சத்திரங்களைக் கழித்தால் ஆறு. எங்கள் கடையில் எண்கள் ஆறு எழுத்துக்கு மேல் போகாததற்கு இதுவே காரணம்.

நீளமான எண்தான் வேண்டும் என்றால் கோட்-128. பத்து இலக்க எண் கோட்-39-இல் அடைக்கும் இடத்தில் பாதிகூட இதற்குத் தேவைப்படாது. ஆனால் இதற்குச் சோதனை எழுத்து கட்டாயம், அதை எழுத்துரு போட்டுத் தராது. 1001 என்ற எண்ணை கோட்-128-இன் 'பி' எழுத்துத் தொகுதியில் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கக் குறியின் மதிப்பு 104. இலக்கம் 1-இன் மதிப்பு 17, 0-இன் மதிப்பு 16; ஒவ்வொன்றையும் அது நிற்கும் இடத்தால் பெருக்க வேண்டும். 104+17+32+48+68=269. இதை 103-ஆல் வகுத்தால் மீதி 63. லிப்ரே எழுத்துருவில் 63 என்பது அடிக்கோட்டுக் குறி. தொடக்கக் குறிக்கு யூனிசார்(204), முடிவுக்கு யூனிசார்(206). 1010 என்று மாற்றி எழுதினால் மீதி 62 வரும். இலக்கம் இடம் மாறினால் ஸ்கேனர் கண்டுபிடிப்பது இப்படித்தான். இதையெல்லாம் ஃபார்முலாவில் எழுத முடியும், ஆனால் நாளைக்கு அதைத் திருத்தப் போவது யார் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள்.

அச்சடிக்கும்போது செல்லைச் சுற்றி பார்டர் வேண்டாம். அந்தக் கோட்டையும் ஸ்கேனர் ஒரு பட்டையாக நினைக்கலாம். போல்டு கூடாது. 'ஃபிட் டு பேஜ்' கூடாது, அளவு 100 சதவீதமே இருக்கட்டும். சிவப்பு நிறப் பட்டை அழகாகத்தான் இருக்கும். சிவப்பு ஒளியில் படிக்கும் ஸ்கேனருக்கு அது வெறும் வெள்ளை. 203 டிபிஐ தெர்மல் பிரின்டரில் ஒரு மில்லிமீட்டருக்கு எட்டுப் புள்ளி. மெல்லிய பட்டை முழுப் புள்ளிகளில் விழும்படி எழுத்தின் அளவைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். வெளியே கொடுத்து அச்சடிப்பதென்றால் கோப்பை பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். அவர்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் ஸ்டிக்கரில் வெறும் நட்சத்திரமும் எண்ணும்தான் வரும்.

இவ்வளவும் கடைக்குள் மட்டும். உங்கள் பொருள் சூப்பர்மார்க்கெட் பில்லிங்குக்குப் போவதாக இருந்தால் அதற்கு 13 இலக்க இஏஎன் எண் வேண்டும். 890-இல் தொடங்கும் எண்களை வழங்குவது ஜிஎஸ்1 இந்தியா. அங்கே பதிவு செய்து பணம் கட்டி வாங்குங்கள். எழுத்துரு இருக்கிறதே என்று நீங்களே ஓர் எண்ணை எழுதிக்கொண்டால் அது வேறொருவர் பொருளுடையதாக இருக்கக்கூடும்.