கத்தி தேடிக் கடல் கடப்பவர்களுக்கு

எங்கள் ஆலங்குடிப் பக்கத்தில் கொல்லரிடம் போய் அரிவாள் அடிக்கச் சொன்னால், விலை பேசும் முன் ஒரு கேள்வி வரும். "எதுக்குத் தம்பி? தென்னைக்கா, கருவைக்கா?" பாளை சீவுவதற்கு இலேசான அரிவாள் போதும். சீமைக்கருவையை வெட்ட முதுகு தடித்திருக்க வேண்டும், மூக்கு வளைந்திருக்க வேண்டும், பிடி கைக்குள் திரும்பாமல் நிற்க வேண்டும். எதற்கு என்று தெரியாமல் அவர் இரும்பை உலையில் வைக்க மாட்டார்.

இந்தக் கேள்விதான் கைவேலைக் கத்திகள்மேல் எனக்கு ஆசை பிறக்கக் காரணம். வேலை நிமித்தம் எந்த நாட்டுக்குப் போனாலும் அங்கே கத்தி அடிக்கும் ஊர் எது என்று விசாரித்துப் போய்ப் பார்ப்பது என் வழக்கம். போகப் போக ஒன்று விளங்கியது. கொல்லர் கேட்கும் அதே கேள்வியைத்தான் சுங்க அதிகாரியும் காவல்துறையும் கேட்கிறார்கள். அதற்குத் தெளிவான பதிலும் கையில் ரசீதும் வைத்திருப்பவருக்குத் தொல்லை மிகக் குறைவு.

முதலில் நம் ஊர்ச் சட்டம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூர்மையான கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. வாளும் குத்துவாளும் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கின்றன. ஆகவே ஸ்பெயினின் டோலிடோவில் அழகான வாளைப் பார்த்துவிட்டு, "சுவரில் மாட்டத்தானே" என்று வாங்கி வந்தால் இங்கே இறங்கும்போது உரிமம் கேட்பார்கள். சமையல் கத்தி என்றால் அந்தப் பேச்சே எழாது. நான் பெரும்பாலும் சமையல் கத்திகளோடு நிறுத்திக்கொள்வதற்கு இதுவே காரணம். நேபாளத்துக் குக்ரி அங்கே விறகு வெட்டும் வீட்டுக் கருவிதான். அதையும் லாரி ஸ்பிரிங் பட்டையில்தான் அடிக்கிறார்கள், நம் அரிவாள் போலவே. ஆனாலும் இந்திய விமான நிலையத்தில் அதைப் பார்ப்பவர் கண்ணுக்கு அது ஆயுதமாகத் தெரிய இடமுண்டு. அதன் சிறிய வடிவங்களே எனக்குப் போதுமானவை.

நான் அதிகம் கற்றது ஜப்பானில். ஒசாகாவுக்குத் தெற்கே சக்காய் என்ற ஊர். போர்த்துகீசியர் வழியாகப் புகையிலை வந்த 16ஆம் நூற்றாண்டில் புகையிலை நறுக்கும் கத்திக்குப் பெயர் பெற்றது. இன்றுவரை கத்தி ஊராகவே இருக்கிறது. அங்கே ஒரு கத்தியை ஒரே ஆள் முடிப்பதில்லை. காய்ச்சி அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் ஒருவர், பிடி போடுபவர் இன்னொருவர். ஒவ்வொருவரும் தன் வேலையிலேயே ஆயுளைக் கழிக்கிறார். மென்மையான இரும்பின்மேல் கடினமான எஃகைப் பற்றவைத்து அடித்து, ஒரு பக்கம் மட்டும் சரித்துத் தீட்டுகிறார்கள். கடைக்காரர் கேட்டது என்ன தெரியுமா? மீனுக்கா, காய்க்கா? வலக்கையா, இடக்கையா? ஒரு பக்கம் தீட்டிய கத்தி கை மாறினால் சரியாக வெட்டாது. ஆலங்குடியில் கேட்ட கேள்வியை அத்தனை தொலைவில் கேட்டபோது அந்த மனிதர்மேல் பெரிய மரியாதை வந்தது.

அதே ஜப்பானில் சட்டம் மிகக் கண்டிப்பு. அலகு 6 சென்டிமீட்டருக்கு மேல் நீண்ட கத்தியைத் தக்க காரணமின்றி வெளியே எடுத்துச் செல்வது குற்றம். 2018இல் சின்கன்சென் அதிவேக ரயிலில் நடந்த கொலைக்குப் பின், 2019 ஏப்ரலிலிருந்து உறையிடாத கத்தியோடு ரயிலேறத் தடை. ஆகவே அங்கே கத்தி வாங்குவதை ஊர் திரும்பும் முந்தின நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கட்டிக்கொடுத்த பெட்டியைப் பிரிக்காமல், ரசீதோடு, நேராகத் தங்குமிடம் போங்கள். வழியில் கோயில், சந்தை என்று சுற்ற வேண்டாம். காவலர் நிறுத்தினால் பைக்குள் கைவிடாதீர்கள். "உள்ளே சமையல் கத்தி இருக்கிறது, கடையிலிருந்து அறைக்குப் போகிறேன்" என்று முதலில் சொல்லிவிடுங்கள். இந்த வாக்கியத்தை அந்த நாட்டு மொழியில் கடைக்காரரிடமே ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வேன்.

இங்கிலாந்தில் மடக்கும் கத்தியில் 3 அங்குலத்துக்கு உட்பட்டு, திறந்தபின் பூட்டிக்கொள்ளாத வகையை மட்டுமே காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம். பழம் நறுக்க வைத்திருந்தேன் என்பதை எல்லா இடத்திலும் ஏற்க மாட்டார்கள்.

விமானத்துக்கு வருவோம். எங்கள் பக்கத்துக்காரர்கள் பெரும்பாலும் திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா என்று போகிறவர்கள். மகளுக்கு என்று அரிவாள்மனையைக் கைப்பையில் வைத்து வந்து, சோதனையில் அதை விட்டுவிட்டுக் கலங்கிய முகத்தோடு போன ஒரு தாயைப் பார்த்திருக்கிறேன். அலகுள்ள எதுவும் சரக்கில் போடும் பெட்டிக்குள் போக வேண்டும். முனையையும் விளிம்பையும் தடித்த அட்டையில் பொதிந்து, நூலால் கட்டி, துண்டில் சுருட்டி, துணிகளுக்கு நடுவே வையுங்கள். பெட்டியைத் திறந்து பார்க்கும் ஊழியரின் விரல் அறுபடக் கூடாது. அந்த அக்கறை நமக்கு இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமாக, பலர் யோசிக்காத ஒன்று: மலிவுக்காகத் தனித்தனி டிக்கெட்டில் பயணம் செய்வது. இடையில் இறங்கும் நாட்டில் பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போட வேண்டிவரும். அப்போது நீங்கள் அந்த நாட்டுக்குள் கத்தியோடு நுழைந்தவர் ஆகிறீர்கள். வாங்கிய நாட்டிலும் நம் நாட்டிலும் சரியாக இருந்த பொருள், நடுவிலுள்ள நாட்டில் தடைசெய்யப்பட்டதாக இருக்கலாம். கத்தி வாங்கும் எண்ணம் இருந்தால் பெட்டி நேராகத் திருச்சிக்கோ சென்னைக்கோ வரும்படி ஒரே டிக்கெட்டாக எடுங்கள். இல்லையென்றால் தயாரிப்பவரிடமே சொல்லிக் கூரியரில் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். சுங்க வரி கட்ட நேரும், மனம் நிம்மதியாக இருக்கும்.

பிடி எதனால் ஆனது என்று கேளுங்கள். யானைத் தந்தம், மான்கொம்பு, ஆமையோடு என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். வனவிலங்குச் சட்டம் கத்திச் சட்டத்தைவிடக் கடுமையானது. கண்டிப் பகுதியின் பழைய பிஹாகெத்தக் கத்திகளில் வெள்ளிப் பூவேலையும் தந்த வேலையும் உண்டு. பழம்பொருளை இலங்கையிலிருந்து எடுத்துவர அங்குள்ள தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். நம் நாட்டில் இன்னும் கண்டிப்பு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. தாத்தா வீட்டுப் பரணில் கிடக்கும் வளரி என்ற பழைய எறிகருவியை அமெரிக்காவிலிருக்கும் பேரனுக்கு அனுப்ப நினைப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

பட்டறைக்குள் போகும்போது பருத்தி உடையும் மூடிய செருப்பும் போட்டுக்கொள்ளுங்கள். நைலான் சட்டையில் பொறி விழுந்தால் தோலோடு ஒட்டும். சிவப்பு அடங்கிக் கறுத்துக் கிடக்கும் இரும்பும் சுடும், எதையும் தொடாதீர்கள். சாணைச் சக்கரத்துக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். படம் எடுக்க அனுமதி கேளுங்கள். கைரேகை பட்ட இடத்தில் கார்பன் எஃகு துருப்பிடிக்கும் என்பதால், அலகை விரலால் தடவிப் பார்ப்பவரை எந்த ஊர்க் கொல்லருக்கும் பிடிக்காது.

மீண்டும் சட்டத்துக்கு வருவோம். ஜெர்மனியின் சோலிங்கன் நூற்றாண்டுகளாகக் கத்திக்குப் பெயர்போன ஊர். 2024 ஆகஸ்டில் அந்த ஊரின் 650ஆம் ஆண்டு விழாவிலேயே ஒருவன் கத்தியால் தாக்கி மூவரைக் கொன்றான். அதே ஆண்டு அக்டோபரில் சட்டம் இறுகியது. பொது விழாக்களிலும் தொலைதூர ரயில்களிலும் கத்திக்குத் தடை வந்தது. தமிழ்நாட்டிலும் 2021இல், அரிவாள் வாங்க வருபவரின் பெயரையும் முகவரியையும் எதற்காக வாங்குகிறார் என்பதையும் குறித்துவைக்கும்படி காவல்துறை பட்டறைக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. எனக்கு இதில் குறையில்லை. நல்ல கருவி செய்பவரின் பெயர் கெடாமல் இருக்க இவை உதவும்.

விதிகள் இப்படி மாறிக்கொண்டே இருப்பதால், நான் மேலே சொன்னதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். புறப்படும் வாரத்தில் அந்த நாட்டுக் காவல்துறை, சுங்கத்துறைப் பக்கங்களையும் உங்கள் விமான நிறுவனத்தின் விதியையும் ஒருமுறை படித்துவிடுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் வாங்காமல் வாருங்கள். சோலிங்கனில் கத்திகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, பிரான்சின் தியேர் நகரிலும் இருக்கிறது. ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொண்டு போய்ப் பாருங்கள்.