பச்சை எடையும் உலர்ந்த எடையும்

போடிநாயக்கனூர்

அன்புள்ள தாயி,

உன் கடிதம் வந்தது. கல்லூரியில் நடத்தும் மாதிரிச் சட்டமன்றத்தில் உன்னை எதிர்க்கட்சித் தலைவர் ஆக்கியிருக்கிறார்கள் என்பதை உன் பெரியம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். கூடவே அனுப்பிய பேச்சையும் படித்தேன். 2021 தி.மு.க. தேர்தல் அறிக்கையை எடுத்துக்கொண்டு, "505 வாக்குறுதிகளில் ஒன்றையாவது நிறைவேற்றினீர்களா?" என்று ஆரம்பித்திருக்கிறாய். கைதட்டல் கிடைக்கும். ஆனால் எதிரே அமைச்சராக உட்காரும் பிள்ளை விவரமானவனாக இருந்தால், பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பான், 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத்தொகை போகிறது என்பான். உன் பேச்சு அந்த இடத்திலேயே படுத்துவிடும்.

ஒன்றை மட்டும் எடு. எதை எடுப்பது, எப்படிக் கேட்பது என்பதை எனக்குத் தெரிந்த தொழிலை வைத்துச் சொல்கிறேன்.

முப்பது வருஷம் ஏலக்காய்க் கணக்கு எழுதியவன் நான். தோட்டத்திலிருந்து வரும் பச்சைக்காய் ஐந்து கிலோவை உலர்த்தும் ஸ்டோரில் ஏற்றினால், உலர்ந்து இறங்குவது ஏறக்குறைய ஒரு கிலோ. அதையும் சலித்துத் தரம் பிரித்தால் பெருங்காய் தனி, சிறுகாய் தனி, வெடித்தது தனி. போடியில் ஸ்பைசஸ் போர்டு நடத்தும் மின்னணு ஏலத்தில் விலை கேட்பது அந்த உலர்ந்த காய்க்குத்தான். தேர்தல் அறிக்கையில் இருப்பது பச்சை எடை. அரசாணையாக வெளிவருவது உலர்ந்த எடை. இடையில் எவ்வளவு போயிற்று, ஏன் போயிற்று என்று கேட்பதுதான் எதிர்க்கட்சிக்காரர் வேலை. வாக்குறுதி அப்படியே மறுக்கப்படுவது அபூர்வம் தாயி. அது நிபந்தனையில் சுருங்கும்.

நகைக்கடனைப் பார். கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரை நகை வைத்து வாங்கிய கடன் தள்ளுபடி என்பது 2021-இல் தந்த வாக்கு. நம் ஊரில் அது எவ்வளவு பெரிய சொல் என்பது உனக்குத் தெரியும். விடிவதற்குள் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு கடந்து, பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் காய் எடுக்கப் போகிற பெண்களுக்குக் கோடையில் வேலை குறைவு. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். அந்த இடைவெளியைத் தாண்டக் கழுத்தில் கிடப்பது சொசைட்டிக்குப் போகும், காய் எடுப்பு தொடங்கியதும் திரும்பி வரும். இந்த ஊர்ப் பெண்களின் நகைக்கு அலங்காரம் இரண்டாவது வேலைதான்.

2021 செப்டம்பர் 13 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் அந்தத் தள்ளுபடியைச் சட்டமன்றத்தில் 110-ஆவது விதியின் கீழ் அறிவித்தார். பிறகு அரசாணை வந்தது, நிபந்தனைகளும் வந்தன. மொத்த எடை 40 கிராமைத் தாண்டக் கூடாது, அரசு ஊழியர் குடும்பமாக இருக்கக் கூடாது என்று பட்டியல் நீண்டது. அந்த ஆண்டு டிசம்பரில் வெளிவந்த கணக்குப்படி, ஆய்வுக்கு எடுத்த சுமார் 48 லட்சம் கடன்களில் 35 லட்சத்துக்கு மேல் தகுதியற்றவை. பச்சைக்காய் உலர்ந்த கணக்கேதான்.

நம் பக்கத்து வீட்டு அக்காவை நினைத்துக்கொள். செயின் மூன்று பவுன் ஒரு கடன், வளையலும் தோடுமாக இரண்டரைப் பவுன் இன்னொரு கடன். கூட்டினால் 44 கிராம். தள்ளுபடி ஆகிவிடும் என்று நம்பி வட்டி கட்டாமல் இருந்தாள். பட்டியலில் பெயர் இல்லை என்று தெரிந்தபோது ஏறியிருந்த வட்டியையும் சேர்த்துக் கட்ட வேண்டி வந்தது. நாலு கிராம். அந்தச் சீட்டை என்னிடம் நீட்டி, "அண்ணே, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்ட முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அப்போது நம் தொகுதியின் எம்.எல்.ஏ.வே எதிர்க்கட்சித் துணைத் தலைவர். ஓ. பன்னீர்செல்வம் 2011-லிருந்து போடியில் தொடர்ந்து வென்றவர், மூன்று முறை முதல்வராக இருந்தவர். நகைக்கடனிலும், பெட்ரோல் விலையிலும் அவர் அரசைக் கேட்டு அறிக்கை மேல் அறிக்கை வெளியிட்டார். பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 4 ரூபாயும் குறைப்போம் என்பது வாக்கு. 2021 ஆகஸ்ட் பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைந்தது, டீசலுக்குக் குறையவில்லை. இது கூர்மையான கேள்வி. எண்ணுக்கு எண் வைத்தால் எதிரில் இருப்பவர் எண்ணால்தான் பதில் சொல்ல முடியும்.

அரசின் பதிலையும் நீ நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரே ஆள் பல சங்கங்களில் கடன் வாங்கியிருக்கிறார், போலி நகைக்கும் கடன் போயிருக்கிறது என்று அரசு சொன்னது. அந்தத் தவறுகள் நடந்தவைதான். அதை ஒப்புக்கொண்டு, அடுத்ததைக் கேள்: 35 லட்சத்தில் போலி நகைக்காக விலக்கியது எத்தனை? எடை கூடியதற்காக விலக்கியது எத்தனை? நிபந்தனைவாரியாக, மாவட்டவாரியாகச் சொல்லுங்கள். மோசடி செய்தவனையும் நாலு கிராம் கூடிய அக்காவையும் ஒரே எண்ணுக்குள் போட்டு மூட விடாதே. என் மனசில் இருக்கிற கேள்வி இதுதான்.

எங்கே கேட்பது என்பதும் முக்கியம். தேர்தல் அறிக்கையைக் காட்டிக் கோர்ட்டுக்குப் போனால் வேலைக்கு ஆகாது. இலவசத் தொலைக்காட்சி, மிக்சி, கிரைண்டர் தொடர்பாக நம் மாநிலத்திலிருந்து போன வழக்கில், 2013 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் அத்தகைய வாக்குறுதிகள் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது. அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்திடம் சொன்னது. ஆனால் அமைச்சர் அவைக்குள் எழுந்து சொன்ன சொல்லின் கதை வேறு. அதைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. மக்களவையில் 1953-லிருந்து உண்டு, நம் சட்டமன்றத்திலும் உண்டு. மக்களவையில், "பரிசீலனையில் உள்ளது" என்று அமைச்சர் சொன்னாலே அது உறுதிமொழியாகப் பதிவாகிவிடும், மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். தட்டிக்கழிக்கச் சொன்ன வார்த்தையையே பிடித்து நிறுத்துகிற ஏற்பாடு. மேடையில் சொன்னதை அவைக்குள் சொல்ல வைப்பதில் பாதி வேலை முடிந்துவிடும்.

அதனால்தான் 110-ஆவது விதியை நீ நன்றாகப் படிக்க வேண்டும். அதன் கீழ் அறிவித்தால் விவாதம் கிடையாது. ஜெயலலிதா காலத்திலும் அறிவிப்புகள் அதன் வழியாகவே வந்து குவிந்தன. அன்று குறை சொன்னவர்களும் பிறகு அதையே கையாண்டார்கள். அன்றைக்குக் கேட்க முடியாததைத் துறையின் மானியக் கோரிக்கை வரும்போது வெட்டுத் தீர்மானமாகக் கொண்டு வா. வினா நேரத்தில் நட்சத்திரக் குறியிட்ட வினாவாகக் கொடு. அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொன்னதும் துணைக் கேள்வி கேட்கலாம். நான் சொன்ன கேள்வியை அந்தத் துணைக் கேள்விக்கு வைத்துக்கொள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. கேட்கிறவரின் பேரேட்டையும் எதிர்த்தரப்பு திறக்கும். 2021 பிப்ரவரி 5 அன்று, தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு, எடப்பாடி பழனிசாமி அரசு 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. அதே மாதம் இடைக்கால பட்ஜெட் போட்டபோது நிதியமைச்சர் பன்னீர்செல்வம் அதற்கு ஒதுக்கியது 5,000 கோடி. மிச்சம் அடுத்து வருகிற அரசின் தலையில். ஆகஸ்டில் புதிய அரசின் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் நிதி நிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டு முந்தைய ஆட்சியின் கடனைச் சுட்டினார். இதனால் பன்னீர்செல்வம் கேட்ட கேள்வி பொய்யாகிவிடாது. ஆனால் உன் தரப்புக் குறையை நீயே முதலில் எடுத்துச் சொன்னால், அமைச்சருக்கு அதைச் சொல்லித் தப்பிக்க வழி இருக்காது. அந்தத் துணிவை நான் நம் அவைகளில் அதிகம் பார்த்ததில்லை. உன்னிடம் பார்க்க ஆசைப்படுகிறேன்.

தேதியையும் விடாதே. மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயில் 2010 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நின்றது, அகலப்பாதையாக மாற்றத்தான். 90 கிலோமீட்டர். ரயில் மறுபடி போடிக்கு வந்தது 2023 ஜூன் 15. தில்லியில் ஆட்சி அதற்குள் ஒரு கட்சியிடமிருந்து இன்னொரு கட்சிக்கு மாறிவிட்டது. அந்த வருஷங்களில் பிறந்த பிள்ளைகள் ரயில் பார்க்காமலே ஐந்தாம் வகுப்பு படித்தார்கள். "எப்போது?" என்ற கேள்விக்கு ஒரு தேதியை வாங்காமல் உட்காராதே.

பேச்சைத் திருத்தி அனுப்பு. பக்கத்து வீட்டு அக்காவுக்காகத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன்: எந்த நிபந்தனையில் அவள் பெயர் விடுபட்டது, அந்தச் சங்கத்தில் அதே காரணத்தால் விடுபட்டவர் எத்தனை பேர். முப்பது நாளில் பதில் தர வேண்டும். அவள் கையெழுத்துப் போட்டாயிற்று. நீ சனிக்கிழமை வரும்போது மதுரையில் பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒன்று வாங்கி வா. நாமே ஒட்டி, திங்கட்கிழமை காலையில் ஸ்பீட் போஸ்டில் போட்டுவிடலாம்.

அன்புடன்,
பெரியப்பா