உள்ளே வந்தவர்களைப் பாருங்கள்

ஸ்னோஃப்ளேக் தரவுத்தளத்தின் லாகின் வரலாற்றைப் பார்க்கும் பொறுப்பு புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு:

1. தோற்றுப்போன லாகின்களைத்தான் எல்லோரும் முதலில் தேடுகிறார்கள். நீங்கள் ஜெயித்தவற்றைப் பாருங்கள். 2024இல் ஸ்னோஃப்ளேக் வாடிக்கையாளர்களின் தரவு களவுபோனதே, அப்போது வந்தவர்கள் சரியான கடவுச்சொல்லோடுதான் வந்தார்கள். யார் யாருடைய கணினிகளிலோ புகுந்த மால்வேர் சுருட்டிய கடவுச்சொற்கள் அவை. சில 2020இலேயே திருடு போனவை. அதுவரை யாரும் மாற்றவில்லை. பாதிப்பு இருக்கலாம் என்று சுமார் 165 நிறுவனங்களுக்குத் தகவல் போனது. தோல்விகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தவருக்கு இதில் எதுவும் கண்ணில் பட்டிருக்காது.

2. ஆகவே முதல் நாள் வேலை: கடவுச்சொல்லால் உள்ளே வந்து, இரண்டாம் சோதனைக்கான கட்டம் காலியாக இருக்கும் வரிகளைத் தனியே எடுங்கள். ஆள் என்றால் எம்எஃப்ஏ போடச் சொல்லுங்கள். நாளை என்பார், விடாதீர்கள். நிரல் என்றால் கடவுச்சொல்லை எடுத்துவிட்டு கீ-பேருக்கு மாற்றுங்கள். எஸ்எஸ்ஓ வழியாக வருபவர்களுக்கும் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். அவர்களுடைய சோதனை வேறிடத்தில் நடப்பதால், பட்டியலில் சேர்த்து மானத்தை வாங்காதீர்கள்.

3. பார்க்க இரண்டு இடங்கள் உண்டு. இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் கடைசி 7 நாள்தான் கிடைக்கும். அதிலும் நீங்களாகக் கேட்காவிட்டால் 100 வரிகளோடு நின்றுவிடும்; ‘அவ்வளவுதான் லாகின்’ என்று நம்பிவிடுவீர்கள். அக்கவுன்ட் யூசேஜில் 365 நாள் இருக்கும், ஆனால் 2 மணி நேரம் வரை பிந்தி வரும். ஓராண்டுக்கு மேல் வேண்டுமென்றால் சொந்த டேபிளில் நகலெடுத்து வையுங்கள்.

4. டைம்ஸோனை மாற்றாவிட்டால் லாஸ் ஏஞ்சலஸ் நேரம்தான் தெரியும். ஜூன் மாதத்தில் சென்னையில் மதியம் 2 மணிக்கு உட்கார்ந்தவர், அங்கே நள்ளிரவு 1.30க்கு நுழைந்தவராகத் தெரிவார். ஆசியா/கொல்கத்தா என்று மாற்றிவிட்டு அப்புறம் பதறுங்கள்.

5. ஐபி முகவரியை நாட்டை வைத்து மட்டும் எடைபோடாதீர்கள். 2024இல் வந்தவர்கள் காசுக்குக் கிடைக்கும் விபிஎன்களைத்தான் பயன்படுத்தினார்கள். ‘இந்த யூசர் இந்த முகவரியிலிருந்து இதற்குமுன் வந்திருக்கிறாரா?’ என்பதே கேட்க வேண்டிய கேள்வி. கிளையன்ட் பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம். அது வருகிறவர் தானே சொல்லிக்கொள்வது. நம் ஆட்கள் தினமும் திறக்கும் டிபீவரைத்தான் 2024இல் வந்த திருடர்களும் திறந்தார்கள். அலுவலக முகவரிகளை மட்டும் அனுமதிக்கும் நெட்வொர்க் பாலிசி இருந்திருந்தால் பலருக்கு அன்றைக்கு வேலையே இருந்திருக்காது.

6. தோல்விகள்: பெரும்பாலும் கடவுச்சொல் மாறியது தெரியாமல் ஓடும் ஏதோ ஒரு பழைய ஜாப். ஒரே முகவரியிலிருந்து பல பெயர்களை முயன்றிருந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள்.

7. ஒரு வரி உறுத்தினால் லாகினோடு நிற்காதீர்கள். லாகின் ஈவென்ட் ஐடியைப் பிடித்து செஷன்ஸுக்குப் போங்கள், அங்கிருந்து க்வெரி ஹிஸ்டரிக்கு. டேபிள்களைப் பட்டியலிடுவது, தற்காலிக ஸ்டேஜ் ஒன்றை உருவாக்குவது, அதில் காப்பி செய்வது, கெட் போட்டு இறக்குவது: இந்த வரிசையைக் கண்டால் யோசிக்க நேரமில்லை. யூசருக்கு மெயில் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்காமல் ஃபோன் போடுங்கள். ‘நான் இல்லை’ என்றாலும், ஃபோனையே எடுக்காவிட்டாலும், உடனே யூசரை டிசேபிள் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் க்வெரிகளும் அத்தோடு நின்றுவிடும். கடவுச்சொல்லை மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு.