மழலைக்கு மறுமொழி



வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தாயின் இடுப்பிலிருக்கும் ஒரு வயதுப் பிள்ளை கைநீட்டி, "ஆ... ஆ..." என்கிறது. தாய் அத்திசையைப் பார்த்து, "ஓம் குஞ்சு, வள்ளம் வருகுது" என்கிறாள். பிள்ளையின் முதற்பாடம் இதுவே. தான் விரும்பி நோக்கும் பொருளின் பெயரை அக்கணமே கேட்பதால், அது மனத்திற் பதிகிறது.

பேச்சு காதில் விழுந்தாற் போதாதா? போதாது. 2003ஆம் ஆண்டில் பற்றீசியா கூல் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நேரில் விளையாடிப் பேசியவரிடமிருந்து ஒன்பது மாதக் குழந்தைகள் சீனமொழி ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அத்தகைய பேச்சை வீடியோவிலோ ஒலிப்பதிவிலோ கேட்டவை கற்கவில்லை.

அப்படியாயின், கப்பலிலும் வெளிநாட்டிலும் உழைக்கும் தந்தையர் என்ன செய்வது? கவலை வேண்டாம். 2014இல் வெளியான மற்றோர் ஆய்வில், 24 முதல் 30 மாதப் பிள்ளைகள் வீடியோ அழைப்பில் தமக்கு மறுமொழி தந்தவரிடம் புதுச் சொற்களைக் கற்றனர். முன்பே பதிவான வீடியோவிலிருந்து கற்கவில்லை. ஆகவே தந்தையரே, தொலைவிலிருந்தாலும் பிள்ளையோடு பேசுங்கள். அது சொல்வதைக் கேட்டுப் பதில் கூறுங்கள்.

வீட்டில் செய்யத்தக்கவை மூன்று: பிள்ளை காட்டுவதைப் பாருங்கள். அதன் பெயரைச் சொல்லுங்கள். பிள்ளை பதில்தரச் சற்றுப் பொறுத்திருங்கள். அது "நண்டு" என்றால், "ஓம், சின்ன நண்டு ஓடுது" என்று கூட்டிச் சொல்லுங்கள்.

சோறூட்டும் வேளையில் கைத்தொலைபேசியை ஒதுக்கிவைத்து நிலவைக் காட்டுங்கள். இதற்குப் பணம் வேண்டாம், படிப்பும் வேண்டாம். பிள்ளை அழைக்கும்போது திரும்பிப் பார்க்கும் முகமொன்று போதும்.