டெல்லிப் பணம் கேட்கும் முன் வார்டில் முடிக்க வேண்டிய வேலை

சித்தூரிலும் திருப்பதியிலும் எந்தக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு கேள்வி தப்பாமல் வரும்: "எங்க தெருக் கால்வாய்க்கு சென்ட்ரல் ஃபண்ட்ஸ் வாங்கணும்னா யாரைப் பிடிக்கணும்?" 2021 நவம்பர் மழையில் நீவா ஆற்று வெள்ளம் சித்தூருக்குள் புகுந்ததையும், திருப்பதித் தெருக்கள் ஆறாக ஓடியதையும், ராயலசெருவுக் கரை கசிந்து சுற்றுக் கிராமத்தார் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பியதையும் பார்த்தவர்கள் இப்படிக் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் ஆளைத் தேடுவதில் தொடங்கினால் காரியம் ஓடாது. மத்திய அரசுப் பணம் பெரும்பாலும் காகிதத்தைப் பார்த்துத்தான் வருகிறது. அந்தக் காகிதத்தில் முக்கால்வாசி தயாராவது உங்கள் வார்டு சச்சிவாலயத்திலும் மாநகராட்சிக் கணக்குப் பிரிவிலும்.

முதலில் உங்கள் வேலை எந்தப் பெட்டியில் சேரும் என்று முடிவு செய்யுங்கள். சமுதாயக்கூடம், பள்ளி வகுப்பறை, நூலகம் போன்ற சின்ன வேலைக்கு எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. ஒரு எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். ஆந்திராவில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஏழு சட்டமன்றத் தொகுதிகள் வருவதால், சமமாகப் பங்கிட்டால் ஒன்றுக்கு 70 லட்சம் சொச்சம்தான். இந்தப் பணத்தில் பெரிய பாதாளச் சாக்கடை கேட்டு மனு எழுதுவது வீண் வேலை. எம்.பி. பரிந்துரை மட்டுமே செய்வார். அனுமதி தருவது மாவட்ட நிர்வாகம். இந்த நிதியில் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிக்கும் போக வேண்டும் என்பது விதி. உங்கள் காலனி அதில் வருமானால் மனுவின் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள். வழிபாட்டுத் தலத்துக்குள்ளோ அதற்குச் சொந்தமான நிலத்திலோ இந்தப் பணத்தில் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. திருப்பதியில் இந்த விதியில் சிக்கும் கோரிக்கைகள் நிறைய.

குடிநீர், கழிவுநீர், ஏரி, பூங்கா என்றால் மத்திய அரசின் அம்ருத் திட்டம். 2015-ல் வந்த முதல் அம்ருத் பெரிய நகரங்களுக்கு மட்டும் என்றிருந்தது. 2021 அக்டோபர் 1-ல் தொடங்கிய அம்ருத் 2.0 எல்லா நகராட்சிகளுக்கும் கதவைத் திறந்தது. இதில் பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. மக்கள்தொகை 1 லட்சத்துக்குக் கீழ் இருந்தால் மத்திய அரசு பாதிச் செலவை ஏற்கும். 1 லட்சம் முதல் 10 லட்சம் வரை மூன்றில் ஒரு பங்குதான். சித்தூரும் திருப்பதியும் இரண்டாவது வகை. சித்தூருக்கு 30 கோடி ரூபாயில் ஒரு குடிநீர் வேலை என்று வைத்துக்கொள்வோம். டெல்லி தருவது 10 கோடி. மீதி 20 கோடியை மாநிலமும் மாநகராட்சியும் தேட வேண்டும். அந்த 10 கோடியும் ஒரே நாளில் வராது. 20, 40, 40 சதவீதம் என மூன்று தவணை. முதல் தவணை வெறும் 2 கோடி. அதைச் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது ஆபீஸில் 'யூசி' என்பார்களே அது, கொடுத்தால்தான் அடுத்தது வரும். "கிராண்ட் வந்தாச்சு" என்று பத்திரிகையில் படித்த பிறகும் பள்ளம் தோண்டாமல் கிடப்பதற்குப் பெரும்பாலும் சொந்தப் பங்கு இல்லாததும் யூசி போகாததும்தான் காரணம்.

மழைநீர் வடிகாலை மட்டும் தனியாகக் கேட்டால் அம்ருத் 2.0-ல் இடம் கிடைப்பது கடினம். ஆனால் நீர்நிலைப் புனரமைப்பு அதில் உண்டு; மழைநீரை ஏரிக்குக் கொண்டு சேர்க்கும் கால்வாயை அதோடு இணைத்துக் கேட்கலாம். சித்தூர் கட்டமஞ்சி ஏரிப் பக்கம் குடியிருப்பவர்கள் "எங்கள் தெருவுக்குக் கால்வாய்" என்பதைவிட "ஏரியின் வரத்துக் கால்வாயைச் சீரமைத்து, கழிவுநீர் கலப்பதை நிறுத்துங்கள்" என்று கேட்டால் அந்தக் கோரிக்கைக்கு ஒரு திட்டத்தின் பெயர் கிடைக்கும். வேலை ஏறக்குறைய அதே வேலைதான். கேட்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: நகரத்தின் நீர் இருப்புக் கணக்கு, அதன் மேல் போடும் நகர நீர்ச் செயல்திட்டம், பிறகு மாநிலச் செயல்திட்டம் என்று கோப்பு ஏறுகிறது. கீழ்ப்படியில் உங்கள் ஏரியின் பெயர் இல்லையென்றால் மேலே யாராலும் சேர்க்க முடியாது.

அடுத்தது நிதிக்குழு மானியம். என் பார்வையில் ஊர் மக்கள் அதிகம் கவலைப்பட வேண்டிய பணம் இதுதான், ஏனென்றால் இதைக் கேட்டு வாங்க வேண்டியதே இல்லை. தகுதியை இழக்காமல் இருந்தால் போதும். 2021 முதல் 2026 வரைக்கான 15-வது நிதிக்குழு, பத்து லட்சத்துக்குக் குறைந்த நகரங்களின் மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் பாதிப்பாதியாகக் கட்டிப்போட்டது. முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கும், அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை முடிந்த கணக்கும் இணையத்தில் ஏறியிருக்க வேண்டும் என்றது. சொத்து வரி வசூல் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக உயர வேண்டும் என்றும் நிபந்தனை வைத்தது. 2026 ஏப்ரல் முதல் 16-வது நிதிக்குழுவின் காலம். கணக்கு கேட்கும் வழக்கம் இனிக் கூடுமே தவிரக் குறையாது.

வரி உயர்வை யாரும் விரும்புவதில்லை, எனக்கும் புரிகிறது. ஆனாலும் மத்திய அரசு 2020-ல் நகராட்சிச் சீர்திருத்தம் செய்த மாநிலத்துக்குக் கூடுதல் கடன் வாங்க அனுமதி தருவதாகச் சொன்னபோது, முதலில் முடித்த இரண்டு மாநிலங்களில் ஆந்திராவும் ஒன்று. 2,525 கோடி ரூபாய்க்கு அனுமதி கிடைத்தது. மூலதன மதிப்பில் சொத்து வரி போடும் முறை நமக்கு வந்தது அந்தச் சீர்திருத்தத்தோடுதான். ஆகவே வரி எதிர்ப்போடு நிறுத்திவிடாதீர்கள். மாநகராட்சியிடம் டி.சி.பி. அறிக்கையைக் கேளுங்கள். டிமாண்ட், கலெக்‌ஷன், பேலன்ஸ் மூன்றும் ஒரே தாளில் இருக்கும். பெரிய வணிக வளாகமும் அரசு அலுவலகமும் எத்தனை ஆண்டு பாக்கி வைத்திருக்கின்றன என்று பாருங்கள். மாநகராட்சியின் சொந்தப் பங்குக்கான பணம் அந்த பேலன்ஸ் பத்தியில்தான் தூங்குகிறது.

தேர்தலையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். திருப்பதி 2007-ல் மாநகராட்சி ஆனது. மாநகராட்சிக்கு முதல் தேர்தல் நடந்தது 2021-ல். நடுவில் 14 ஆண்டுகள். 14-வது நிதிக்குழு தன் மானியத்தை தேர்தல் நடந்து முறைப்படி அமைந்த நகராட்சிகளுக்கே என்று வரையறுத்திருந்தது. கவுன்சில் காலம் முடிந்து ஸ்பெஷல் ஆபீஸர் கையில் ஊர் இருக்கும் நாட்களில், தேர்தலைத் தாமதிக்காதே என்று கேட்பதும் நிதி கேட்பதுதான்.

பெரிய திட்டத்துக்குத் திருப்பதியே நல்ல பாடம். 2016 செப்டம்பரில் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம் கிடைத்தது. ஒரு நகரத்துக்கு மத்திய அரசின் பங்கு ஐந்தாண்டில் 500 கோடி வரை, அதே அளவு மாநிலத் தரப்பும் போட வேண்டியிருந்தது. அந்தப் பணத்தை மட்டும் நம்பியிருந்தால் ஸ்ரீனிவாச சேது மேம்பாலம் எழும்பியிருக்காது. 650 கோடி ரூபாயைத் தாண்டிய அந்தச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திருமலை திருப்பதி தேவஸ்தானத்துடையது, மீதிதான் ஸ்மார்ட் சிட்டி நிறுவனத்துடையது. அப்படி இருந்தும், கருட வாரதி என்ற பெயரில் தொடங்கி, ஆட்சி மாறி, பெயரும் மாறி, 2023 செப்டம்பரில்தான் முழுமையாகத் திறந்தது. பங்குதாரர் கையெழுத்து டெண்டருக்கு முன்பே கையில் இருக்க வேண்டும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம். சித்தூருக்குத் தேவஸ்தானம் போல ஒரு பங்குதாரர் கிடையாது. அதனால் அங்கே பெரிய கனவைத் துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டும் தனியாகப் பயன்படும்படி பிரித்துக் கேட்பதே நல்லது.

கடனும் ஒரு வழி. இரண்டாம், மூன்றாம் நிலை நகரங்களுக்காக 2023 பட்ஜெட்டில் அறிவித்த நகர்ப்புற உள்கட்டமைப்பு மேம்பாட்டு நிதி தேசிய வீட்டுவசதி வங்கி மூலம் வருகிறது. வடிகாலுக்கும் அதில் இடமுண்டு. திருப்பிக் கட்ட வேண்டிய பணம் என்பதை மறக்கக் கூடாது. 2025 பட்ஜெட்டில் 1 லட்சம் கோடி ரூபாயில் அறிவித்த நகர்ப்புற சவால் நிதியோ, திட்டச் செலவில் 25 சதவீதம் வரைதான் தரும். குறைந்தது பாதியைப் பத்திரம், வங்கிக் கடன், தனியார் கூட்டு வழியாகத் திரட்ட வேண்டும். இப்போதைக்குச் சித்தூர் அதன் பின்னால் ஓடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். கணக்குப் புத்தகம் பலமான பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் விட அதிகமாகக் கோப்பைக் கவிழ்ப்பது நிலம். தேவஸ்தான நிலமா, மடத்து நிலமா, அரசு ஒப்படைத்த டி.கே.டி. பட்டாவா, ஏரிப் புறம்போக்கா என்று தெரியாமல் டி.பி.ஆர். எனும் விரிவான திட்ட அறிக்கை போட்டால் அது அலமாரியில் தங்கிவிடும். மனு எழுதும் முன் சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, வருவாய்த் துறைப் பதிவில் யார் பெயர் என்று பார்த்து, வரைபட நகலை வாங்குங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இனி மனு. "எங்கள் பகுதிக்கு அடிப்படை வசதி செய்து தர வேண்டுகிறோம்" என்ற மனு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கட்டுக் கட்டாக வரும். உங்களுடையது ஒரே பக்கமாக, ஒரே வேலையாக இருக்கட்டும். எந்தச் சர்வே எண்ணிலிருந்து எதுவரை, எத்தனை மீட்டர், எத்தனை வீடு, 2021-ல் எந்தத் தேதியில் எத்தனை அடி தண்ணீர் நின்றது, சுவரில் இன்னும் கோடு தெரிகிறதா என்று எழுதி, படம் இணையுங்கள். வார்டு சச்சிவாலயத்தில் வசதிகள் பிரிவுச் செயலாளரை அழைத்துச் சென்று அளக்கச் சொல்லுங்கள். அவர் போடும் மதிப்பீடுதான் கோப்பின் விதை. வேலை முடிந்த பிறகு யார் பராமரிப்பார், கரண்ட் பில் யார் கட்டுவார் என்பதற்கும் இரண்டு வரி வேண்டும். நகர்ப்புற வறுமை ஒழிப்பு அமைப்பான மெப்மாவின் மகளிர் குழு பூங்காவைப் பார்த்துக்கொள்ளத் தயார் என்றால் அவர்கள் கையெழுத்தையும் வாங்கிச் சேருங்கள்.

பிறகு மதிப்பீடு கவுன்சில் தீர்மானமாக வேண்டும். தீர்மான எண் வரும்வரை எம்.பி. வீட்டுக்குப் போக வேண்டாம். எண் கிடைத்ததும் நகலை எம்.பி., எம்.எல்.ஏ., கமிஷனர் மூவருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி போதும்: இந்த வேலை எந்தத் திட்டத்தின் கீழ் மாநிலத்துக்கு அனுப்பப்பட்டது, அந்தத் திட்டத்தில் கடைசி யூசி எந்தத் தேதியில் போனது, மாநகராட்சியின் சொந்தப் பங்கு எந்தத் தலைப்பில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 30 நாளில் பதில் வர வேண்டும். மூன்றில் எதற்குப் பதில் "இல்லை" என்று வருகிறதோ, அடுத்த திங்கட்கிழமை மனு அதைப் பற்றி மட்டும் இருக்கட்டும்.