எக்ஸ்டெண்டட் எஸ்ஸேக்கு மெக்கானிக்ஸா? டாபிக் எடுக்கறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேளு!

ஐபி டிப்ளமோ படிக்கிற தம்பி, தங்கச்சிங்க ஃபோன் பண்ணா, இந்த சீசன்ல ஒரே கேள்விதான்: "அக்கா, ஃபிசிக்ஸ்ல எக்ஸ்டெண்டட் எஸ்ஸே எழுதணும். மெக்கானிக்ஸ்ல ஈஸியா ஒரு டாபிக் சொல்லுங்க." நான் டாபிக் சொல்றதில்லை. "உன் கிராஃபுல எக்ஸ் ஆக்ஸிஸ்ல என்ன, ஒய் ஆக்ஸிஸ்ல என்ன?"ன்னு திருப்பிக் கேப்பேன். அதுக்குப் பதில் இல்லைன்னா டாபிக்கும் இன்னும் இல்லை. "கிரிக்கெட்டில் இயற்பியல்"னு எழுதிட்டு வர்றவங்க உண்டு. அதை வெச்சு புத்தகமே போடலாம், எஸ்ஸே எழுத முடியாது.

முதல்ல அளவைப் புரிஞ்சுக்கோ. அதிகபட்சம் 4,000 வார்த்தை. டேபிள், சமன்பாடு, கணக்கு எல்லாம் அந்த எண்ணிக்கையில சேராது. மொத்த வேலைக்கும் சுமார் 40 மணி நேரம்னு ஐபி சொல்லுது. படிப்பு, சோதனை, எழுத்து எல்லாம் அதுக்குள்ளதான். அதனால ஒரே ஒரு விஷயத்தை மாத்திப் பார்க்கிற சோதனை போதும், ஆனா அதை ஆழமாப் பண்ணணும். இன்னொண்ணு, ஐஏவுக்குப் பண்ணின சோதனையையே இதுக்கும் போட்டுடலாம்னு நினைக்காதே. அது கூடாது.

எல்லாரும் முதல்ல ஓடற இடம் பெண்டுலம். நூல் நீளத்தை மாத்தி ஜி மதிப்பு கண்டுபிடிக்கிறது லேப் ரெக்கார்டுக்குச் சரி, இதுக்குப் பத்தாது. பதில் 9.8னு முன்னாடியே தெரியும், அப்புறம் எதை விவாதிக்கப் போறே? அதே பெண்டுலத்தை 60 டிகிரிக்குத் தூக்கி விடு, கதை மாறும். சின்னக் கோணத்துக்குத்தான் அந்தப் பாடப்புத்தக ஃபார்முலா. 1 மீட்டர் நூலுக்கு அது சொல்றது 2.01 செகண்ட். 60 டிகிரியில உண்மையா வர்றது கிட்டத்தட்ட 2.15. ஃபார்முலா எங்கே ஆரம்பிச்சு எவ்வளவு தப்புதுங்கறதுதான் எஸ்ஸே. ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. வழக்கமா 20 ஆட்டம் எண்ணி வகுப்போம். இங்கே அது நடக்காது, ஏன்னா ஆட ஆடக் கோணம் குறைஞ்சுடும். முதல் ஒண்ணு ரெண்டு ஆட்டத்தையே வீடியோ எடுத்து அளக்கணும்.

அளக்கறதுன்னதும் ஸ்டாப்வாட்ச் ஞாபகம் வருது. 1 மீட்டர்ல இருந்து விட்ட பந்து 0.45 செகண்ட்ல தரையைத் தொட்டுடும். உன் விரல் பட்டனை அமுக்கவே 0.2 செகண்ட் ஆகும். பாதி நேரம் விரல்லயே போச்சு! ஃபோன்ல ஸ்லோ மோஷன் 240 ஃபிரேம் இருந்தா ஒரு ஃபிரேமுக்கு 4 மில்லிசெகண்ட்தான். டிராக்கர்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, வீடியோவைப் போட்டா இடத்தையும் நேரத்தையும் புள்ளி புள்ளியா எடுத்துக் கொடுக்கும். ஃபோனோட சென்சாரையே கருவியாக்க, ஜெர்மனியில ஆகன் பல்கலைக்கழகத்துக்காரங்க பண்ணின ஃபைஃபாக்ஸ் ஆப் இருக்கு, அதுவும் இலவசம். ஆனா இன்னும் நல்ல வழி, நேரமே அளக்கத் தேவையில்லாத சோதனையா எடுக்கறது. நான் அதுக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

உதாரணத்துக்கு, கயிறு. கப்பலைக் கட்டற கனமான கயித்தைத் துறைமுகத்துத் தூண்ல ரெண்டு மூணு சுத்து சுத்திட்டு ஒரே ஆள் பிடிச்சு நிப்பாரு, பார்த்திருப்பே. சுத்துக் கோணம் ஏற ஏற, தாங்கற இழுவிசை எக்ஸ்பொனென்ஷியலா ஏறும். ஆய்லர் கண்டுபிடிச்ச கணக்கு இது, கேப்ஸ்டன் சமன்பாடுன்னு தேடு. தருவிக்கிறது ஒரு பக்கம்தான், உனக்குத் தெரிஞ்ச கால்குலஸே போதும். சுழலாத மாதிரி ஒரு பைப்பைக் கிடையா இறுக்கிக் கட்டு. கயித்தை மேலே போட்டு ஒரு பக்கம் 100 கிராம் எடைக்கல், மறுபக்கம் பக்கெட். பக்கெட்ல டியூப் வழியா மெதுவாத் தண்ணி விடு. கயிறு வழுக்கின அந்த நொடியில டியூபை மடக்கிப் பிடிச்சுட்டு, பக்கெட்டை கிச்சன் தராசுல வை. உராய்வுக் குணகம் 0.2ன்னு வெச்சுக்குவோம். சும்மா மேலே போட்டா 187 கிராம் தாங்கும். ஒரு சுத்து கூட்டினா 660. இன்னொண்ணு கூட்டினா 2.3 கிலோ. அதுக்கும் மேல ஒண்ணுன்னா 8 கிலோ! ரெண்டு எடைக்கும் உள்ள விகிதத்துக்கு லாக் எடுத்துக் கோணத்தோட வரைஞ்சா நேர்கோடு வரணும், அதோட சாய்வுதான் உராய்வுக் குணகம்.

இதோட நிறுத்தினா இதுவும் லேப் ரெக்கார்டுதான். அந்தச் சமன்பாட்டை உத்துப் பாரு, பைப்போட விட்டம் அதுல எங்கேயுமே இல்லை. குண்டுப் பைப்போ ஒல்லிப் பைப்போ ஒண்ணுதான்னு சொல்லுது. நிஜமாவா? கணக்குல கயிறு துளிகூட விறைப்பில்லாத மெல்லிசு நூல். உன் கையில இருக்கறது 6 மில்லிமீட்டர் நைலான். ஒல்லிப் பைப்புல அது வளையவே முரண்டு பிடிக்கும். ஹார்டுவேர் கடையில பிவிசி பைப்பு 20, 25, 32, 40, 50, 63 மில்லிமீட்டர்னு வரிசையாக் கிடைக்கும், ஒவ்வொண்ணுலயும் ஒரு துண்டு வாங்கு. ஒரே பொருள், விட்டம் மட்டும் மாறுது. இதைவிட நல்ல ரிசர்ச் கொஸ்டின் தேடி அலையாதே. வித்தியாசம் வந்தா விறைப்பைப் பத்தி எழுதலாம், வரலைன்னா ஆய்லர் எவ்வளவு தூரம் சரின்னு எழுதலாம். ரெண்டுமே முடிவுதான்.

இங்கே ரெண்டு எச்சரிக்கை. வழுக்கி வழுக்கி பைப்பும் கயிறும் மெருகேறும், காலையில வந்த உராய்வு சாயந்தரம் வராது. அதனால சின்ன விட்டத்துல இருந்து பெரிசுக்குன்னு வரிசையா அளக்காதே, கலைச்சுப் போட்டு அள. இல்லைன்னா மெருகு ஏறினதை விட்டத்தோட வேலைன்னு எழுதிடுவே. ரெண்டாவது, 8 கிலோ பக்கெட் திடீர்னுதான் விழும். கீழே சாக்கு மடிச்சுப் போடு, காலைத் தள்ளி வெச்சுக்கோ.

மணல்ல குண்டு போட்டுப் பள்ளம் அளக்கறதும் பிள்ளைங்களுக்குப் பிடிக்கும். நல்ல சோதனைதான், ஆனா ரேஞ்சைப் பாரு. பள்ளத்தோட விட்டம் ஆற்றலோட நாலாம் மூலத்துக்கு ஏத்த மாதிரிதான் வளரும்னு பல சோதனைகள் காட்டியிருக்கு. அதாவது பள்ளம் ரெட்டிப்பாக ஆற்றல் 16 மடங்கு ஆகணும். குண்டை 10 சென்டிமீட்டர்ல இருந்தும் விடணும், 160 சென்டிமீட்டர்ல இருந்தும் விடணும். 50, 60, 70ன்னு போட்டா எல்லாப் பள்ளமும் ஒரே மாதிரி தெரியும், ஸ்கேலால பிரிச்சே பார்க்க முடியாது. ஒவ்வொரு தடவையும் மணலைச் சலிச்சுத் தளர்த்திப் போடற பொறுமையும் வேணும்.

வாட்டர் ராக்கெட் வேண்டாம். யூடியூப்ல அழகா இருக்கும். மேலே போகப் போக எடையும் மாறும், அழுத்தமும் மாறும், நடுவுல காத்து வேற அடிக்கும். ஸ்குவாஷ் பந்தைச் சூடாக்கி எம்பறதைப் பார்க்கிறது அரைச்சு அரைச்சுப் புளிச்ச மாவு. அதையே எடுப்பேன்னா, வெந்நீரோட வெப்பநிலையும் பந்துக்குள்ள இருக்கற காத்தோட வெப்பநிலையும் ஒண்ணில்லைங்கறதை எப்படிச் சமாளிப்பேன்னு முதல்ல எனக்குச் சொல்லு.

டாபிக் பிடிச்சதும் சூப்பர்வைசர்கிட்ட ஓடாதே. அரை நாள் ஒதுக்கி, மிகச் சின்ன மதிப்புக்கும் மிகப் பெரிய மதிப்புக்கும் மட்டும் அஞ்சஞ்சு தடவை அளந்து பாரு. ஒரே மதிப்புக்குள்ள அஞ்சு அளவும் எவ்வளவு சிதறுது, ரெண்டு ஓரத்துக்கும் நடுவுல எவ்வளவு வித்தியாசம்? சிதறல் அதிகம்னா கருவியை மாத்து, இல்லைன்னா டாபிக்கை மாத்து. சரியா வந்தா நடுவுல இன்னும் அஞ்சாறு மதிப்பு சேர்த்துக்கலாம். அந்த ரெண்டு புள்ளிக் கிராஃபை, எரர் பாரோட, பேப்பர்ல கையால வரைஞ்சாலும் போதும், முதல் மீட்டிங்குக்கு எடுத்துட்டுப் போ. தலைப்புல எந்த வார்த்தை போடணும்ங்கறதை அவங்களோட உட்கார்ந்து பேசிக்கலாம்.