பெண்பாற் பெயர்களும் நம் நாவும்

ஒரு பொருளுக்கு இடும் பெயர் அப்பொருளை அறிவிப்பதனோடு அமைவதன்று. அதனை எவ்வாறு மதித்தல் வேண்டும் என்பதையும் உடன் கற்பிக்கின்றது. பெண்மக்களைக் குறித்து நம் வீடுகளில் நாடோறும் வழங்குஞ் சொற்கள் சிலவற்றை எடுத்து இவ்வுண்மையை ஆராய்வாம்.

யாழ்ப்பாணத்திலே சிறுவனைப் பொடியன் என்றும் சிறுமியைப் பெட்டை என்றுங் கூறுதல் வழக்கு. பொடியன் என்பது சிறியவன் என்னும் பொருட்டு. பெட்டையோ, குதிரை, கழுதை, ஒட்டகம் முதலியவற்றின் பெண்ணுக்கு உரியதெனத் தொல்காப்பிய மரபியல் வகுத்த பெயர். அதனை அன்பினாற் கூறுந் தாய்மாரும் பலர். அவரைக் குறைகூற வந்தேமல்லேம். ஆயினும், “பெட்டைக்கு ஏன் படிப்பு?” என்று ஒருவர் வினாவும்பொழுது, அச்சொல்லே அவர்கட்சிக்குப் பாதிச் சான்றாகி நிற்கின்றது. “பிள்ளைக்கு ஏன் படிப்பு?” என்று வினாவ அவர் நா கூசும். பிள்ளை என்பதும் நம்மவர் பெண்மக்களை அழைக்குஞ் சொல்லே. மகவென்னும் அன்பு தோன்றும் அச்சொல் இருப்ப, விலங்கின் பெயரை நாடுதல் என்னை?

இனி, இல்லாமை பற்றி இடும் பெயர்கள் உள. மகப்பேறு இல்லாதவள் மலடி. கணவனோடு வாழாதவள் வாழாவெட்டி. கணவனை இழந்தவள் கைம்பெண், அறுதலி. மனைவியை இழந்தவன் நிலையைத் தபுதாரநிலை எனத் தொல்காப்பியங் கூறும். எனினும் தபுதாரன் என்று ஒருவனைத் தெருவில் ஏசக் கேட்டார் யார்? துயரம் இருவர்க்கும் ஒன்று; வசைப்பெயர் ஒருத்திக்கே.

இவ்விடத்து என் பிழையொன்றைக் கூறுதல் வேண்டும். ஒரு விசயதசமியன்று சிறுவர்க்கு ஏடு தொடக்கினேன். ஒரு மகவின் தாய் மாத்திரம் வாயிற்புறத்தே நின்றார். மகவு அவரை நோக்கி அழுதது. உள்ளே வருமாறு அழைக்க எண்ணினேன். அருகிருந்தார் ஒருவர், “அவ கைம்பெண்” என்று மெல்லக் கூறினார். அவ்வொரு சொல்லுக்கு அஞ்சி வாளாவிருந்தேன். அப்பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் அகரம் எழுதுவித்தேன். அதற்குச் சோறூட்டி வளர்த்த கையோ வாயிற்கு வெளியே நின்றது.

அன்றிரவு பெரியபுராணத்தை எடுத்தேன். திருவாமூரிலே தோன்றிய திலகவதியார் கலிப்பகையாருக்கு மணம் பேசப்பட்டவர். மணம் நிகழுமுன் அவர் போர்க்களத்தில் இறந்தார்; பெற்றோரும் இறந்தனர். அம்மையார் உயிர்துறக்கத் துணிந்து, தம்பியாரின் பொருட்டு உயிர் தாங்கினார். பின்னர்த் திருவதிகை வீரட்டானத்திலே திருத்தொண்டு செய்து வாழ்ந்தார். சமணஞ் சார்ந்து தருமசேனர் எனப் பெயர்பெற்ற அத்தம்பியார் சூலைநோயால் வருந்தி வந்து வீழ்ந்தபோது, திருநீறு அளித்துத் திருக்கோயிலுள் அழைத்துச் சென்றவர் அவ்வம்மையாரே. அதன்பின் பிறந்தது திருநாவுக்கரசு நாயனாரின் தேவாரம்.

இக்காலத்து நாவுக்கு அகப்பட்டிருப்பின், அவரை இராசியற்றவள் என்று கூறி வாயிலில் நிறுத்தியிருப்போமன்றோ? சேக்கிழார் சுவாமிகளோ அவரை வசைப்பெயர் ஒன்றானுஞ் சுட்டினாரல்லர். அமங்கலம் என்று நாம் ஒதுக்குங் கை அத்தகைய கையே. அக்கையினின்று பெற்ற நீறே நமக்குத் தேவாரத்தைத் தந்தது.

ஆதலின், சைவநன்மக்களே, பெண்மக்களைப் பிள்ளை என்றாயினும் இட்ட பெயராலாயினும் அழைமின். மலடி, வாழாவெட்டி, அறுதலி என்னுஞ் சொற்களைச் சிறுவர் கேட்பக் கூறாதொழிமின். கேட்ட சொல்லே அவர்க்கு நாளை கொள்கையாகும். ஏடு தொடக்கும் நாளிலே தாய் எந்நிலையினராயினும் மகவின் அருகே இருத்துமின்.

இறைவனை அம்மையப்பர் என்றே வழிபடுகின்றோம். அத்திருநாமத்தில் அம்மை முன்னிற்றலை நம் நாவும் மறவாதிருப்பதாக.

திருச்சிற்றம்பலம்.